முந்நூறும் முந்நூற்றெழுபதும்

உள்ளுறுப்புகள் பளிச்சென்று தெரிய நரம்பில் எந்த வீரியமுள்ள காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினார்கள் என்பதை ஸ்கேன் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள் டாக்டர். வீட்டுக்கு மூத்த மருமகள், ஆஸ்பத்திரியில் பட்டப்பெயர் கழுகு. மில்லிலிட்டருக்கு முந்நூறு மில்லிகிராம் அயோடின் என்றால் "தண்ணி" என்பாள். முந்நூற்றெழுபது என்றால்தான் முகம் மலரும். அந்தக் கெட்டி மருந்தை வெதுவெதுப்பாக்காமல் போட்டால் அதை ஏற்றும் பம்ப் மக்கர் பண்ணும். அதற்கெல்லாம் அவள் அசைந்து கொடுத்ததில்லை.

இப்போது மாமனாரின் கல்லீரலில் ஏதோ கட்டி. ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். அவருடைய சிறுநீரகமோ ஏற்கெனவே பாதி ஓய்வு வாங்கிவிட்டது. அயோடின் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் குறைக்கப் போய்க் கட்டியைக் கோட்டை விட்டால்?

ஸ்கேன் எடுப்பவள் அவளுடைய ஓரகத்தி, வீட்டின் இளைய மருமகள். அவளைக் கூப்பிட்டு, "பழைய கல்லீரல் படங்களைக் கலந்து வை. ரெண்டு மருந்துல எடுத்ததும் வேணும். பேரு, அளவு எதுவும் என் கண்ணுல படக்கூடாது" என்றாள்.

"முந்நூறுல எடுக்கும்போது மெஷின் வோல்டேஜைக் குறைச்சிருக்கேன்கா. அப்பதான் அயோடின் பளிச்சுனு விழும்."

"அதையே வை. எனக்கு வித்தியாசம் தெரியாமப் போகணும்னு வேண்டிக்கோ."

தன் கண் தோற்கவேண்டும் என்று ஆசைப்பட்டாலும் ஏனோதானோவென்று பார்க்க மனசு வரவில்லை. ஒவ்வொரு படத்தையும் சலித்து, கட்டி இருந்த இடங்களைக் குறித்தாள். பளிச்சென்று இருந்ததையெல்லாம் "கெட்டி" என்று ஒதுக்கினாள்.

சரிபார்த்த இளையவள் சொல்லத் தயங்கினாள். "கெட்டின்னு நீங்க சொன்னதுல பாதி முந்நூறுக்கா. ஆனா ஒரு கட்டிகூட உங்க கண்ணுக்குத் தப்பலை."

கழுகுக்குக் கண் கலங்கியது. "தோத்துட்டேன்ல?" என்ற குரலில் அப்படியொரு கர்வம். ஜெயித்த எந்தப் பந்தயத்துக்கும் அவள் இவ்வளவு பூரித்ததில்லை. "மாமாவுக்கு முந்நூறே போடு."

மாமனாரின் படத்தில் கட்டி தெளிவாக விழுந்தது. வெறும் ரத்தக்குழாய் முடிச்சு, ஒன்றும் செய்யாது. பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் இருந்தபடியே இருந்தது.

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. ரிசல்ட் வாங்க வந்த இடத்தில், ஸ்கேனுக்குக் காத்திருந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டார்.

"என் பெரிய மருமக தோத்துட்டா, தெரியுமா?" என்று மார்தட்டினார். "யாருகிட்டயும் தோக்காதவ. எனக்காகத் தோத்திருக்கா."