குழாயடியில் உயர்ந்த தொப்பி

சந்தைச் சதுக்கத்து வைக்கோல் வண்டியின்மேல் ஏறி நின்ற கார்னீலியஸ் ஹெகார்ட்டியின் கண்கள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கும் அப்பால், தண்ணீர்க் குழாயடியைத் தேடின.

அங்கேதான் நிற்பான் மகன் ஃபெலிம். பால்பற்கள் விழுந்த வயதில் தொடங்கிய பழக்கம். அப்பாவின் குரல் குழாயடிவரை எட்டினால் தொப்பியை உயர்த்துவான். எட்டாவிட்டால், "கேக்கல அப்பா! பாதிரியார் காதுலயா பாவமன்னிப்பு கேக்குறீங்க? சத்தமாப் பேசுங்க!" என்று கத்துவான், சதுக்கமே சிரிக்கும். நிலக்கிழாரின் கொடுமையை எதிர்த்து அவர் முழங்கிய நாளிலும், அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்டு முழங்கிய நாளிலும் அந்தத் தொப்பி உயர்ந்தது. ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்து போர் மூண்ட ஆண்டு, பிரிட்டிஷ் படைக்கு ஆள் கேட்டு, "பெல்ஜியத்துக்காகச் சிந்தும் குருதி நம் மண்ணில் விடுதலையாய் விளையும்! வீட்டுக்கொரு வீரன் எங்கே?" என்று அவர் முழங்கியபோதும் உயர்ந்தது. ஆனால் அன்று ஃபெலிம் குழாயடியிலேயே நின்றுவிடவில்லை; கூட்டத்தைப் பிளந்துகொண்டு வண்டியருகே வந்தான், முதல் ஆளாய்ப் பெயர் கொடுக்க.

"கேட்டுச்சு அப்பா," என்றான். அவ்வளவுதான்.

சட்டம் படிக்க வேண்டியவன் லெப்டினன்ட் ஆனான். பிரான்சின் சேற்றில், பெயர்கூட வாயில் நுழையாத ஒரு சிற்றூரின் விளிம்பில், தன் ஆட்களுக்கு முன்னே ஓடி, இருபத்தொரு வயதில் விழுந்தான். புதைத்த இடம் தெரியவில்லை. தாய்க்கு மண்டியிட ஒரு மேடுமில்லை.

இன்று மீண்டும் படைக்கு ஆள் திரட்ட வந்த சார்ஜன்ட் வண்டியோரம் நின்று கிசுகிசுத்தான்: "மகன் பேரச் சொல்லுங்க கார்னீ. அழுதுக்கிட்டே வருவானுங்க."

"சொல்லுவாரு, சொல்லுவாரு!" சால்வை போர்த்திய மீன்காரி பெக் கையைத் தட்டினாள். "அவருக்கு நாக்குதான் செலவு, நமக்குப் புள்ள செலவு!"

"வாய மூடு பெக். அவரும் பறிகொடுத்தவருதான்," என்றாள் பக்கத்தில் நின்றவள்.

ஹெகார்ட்டி வாய் திறந்தார். ஊரையே உலுக்கிய அந்தத் தொண்டையிலிருந்து, இரவுச் சாப்பாட்டுக்கு அழைக்கும் குரலில் ஒரே சொல் வந்தது.

"ஃபெலிம்..."

"கேக்கல ஐயா!" குழாயடியிலிருந்து ஓர் இளங்குரல். "சத்தமாப் பேசுங்க!"

நெஞ்சு துள்ளி எழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். கொல்லனின் கடைசி மகன். மீசை இன்னும் அரும்பவில்லை. ஒரு கை காதருகே குவிந்திருந்தது. மறுகை தொப்பியின் விளிம்பைப் பற்றியிருந்தது, உயர்த்தத் தயாராக.

அந்தத் தொப்பி ஒருமுறை, ஒரே ஒருமுறை உயர்ந்துவிடாதா என்று அவர் உடலெல்லாம் ஏங்கியது.

தூறல் விழுந்தது. தொப்பியில் அந்தக் கை காத்திருந்தது. ஹெகார்ட்டி பேசத் தொடங்கினார். குழாயடிவரை எட்டாதபடி, குரலை இன்னும் தாழ்த்தி, இன்னும் தாழ்த்தி.