இதே நாளில் முப்பிடாதி பிறந்தார்

கார் சீட் செய்யும் அந்தக் கம்பெனியில், முப்பிடாதிக்கு முப்பிடாதி என்று ஒரு பேர் இருப்பது யாருக்கும் தெரியாது. சேர்ந்த அன்றைக்கு சூப்பர்வைசர் கோதண்டம் கேட்கத்தான் செய்தார், இவனும் சொல்லத்தான் செய்தான். கோதண்டம் உள்ளூர், பிள்ளைப்பாக்கத்துக்காரர். அப்படி ஒரு தெற்கத்திப் பேரை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. "இன்னா பேருப்பா அது? டோக்கன் நம்பர சொல்லு, போதும்" என்று முடித்துவிட்டார். காண்ட்ராக்ட் ஆட்களின் அடையாள அட்டையில் ஏஜென்சி பேரும் நம்பரும்தான் இருக்கும். மனிதனுக்குப் பேர் என்பதெல்லாம் பெர்மனென்ட் ஆன பிறகு வரும் சலுகை.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அது. தினமும் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் லைனில் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். முதலில் பாதுகாப்பு உறுதிமொழி. பிறகு நேற்று எத்தனை சீட் திரும்பி வந்தது என்பதற்கான வசவு. கடைசியில் 'வரலாற்றில் இன்று'. இந்தக் கடைசிச் சமாச்சாரம் ஹெச்.ஆர். சரோஜா மேடத்தின் யோசனை. தொழிலாளிகளுக்கு அறிவு வளர வேண்டுமாம். பெர்மனென்ட் ஆட்கள் தொண்டை சரியில்லை, கண்ணாடி கொண்டுவரவில்லை என்று ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத புது ஆளின் தலையில் அது வந்து விழுந்தது.

முப்பிடாதி பஸ்ஸில் விற்கிற பொது அறிவுப் புத்தகம் ஒன்றை வாங்கினான். அன்றன்றைக்கு உள்ளதை மைக்கில் படித்தான். படித்து முடித்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு தடவை கை தட்ட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். இரண்டாவது தடவை தட்டினால் உற்பத்தி குறைந்துவிடும் போலிருக்கிறது. உலகப் போர் தொடங்கியதற்கும் ஒரு தட்டு, அது முடிந்ததற்கும் ஒரு தட்டு. இப்படிப் படித்துப் படித்து லைனில் அவனுக்கு 'ஹிஸ்டரி' என்று பேர் விழுந்துவிட்டது. "ஹிஸ்டரி, அந்த போல்ட் டப்பாவ தள்ளு" என்பார்கள். தள்ளுவான்.

சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறையில் அவனோடு சேர்த்து நாலு பேர் வாடகைக்கு இருந்தார்கள். எல்லோரும் தெற்கத்திப் பையன்கள்தான். ஆனால் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிஃப்ட். சக்திகுமார் என்று ஒருவனோடு இவனுக்குப் பாய் பங்கு. அவன் எழுந்து போன சூட்டிலேயே இவன் படுப்பான். அவன் விழித்திருந்து இவன் பார்த்தது இரண்டொரு தடவை இருக்கும். ஆக, ஒரு நாளைக்கு முப்பிடாதியின் வாயிலிருந்து வரும் பேச்சு என்றால் அது அந்த மைக்கில் பேசுவதுதான். அதுவும் அவன் பேச்சில்லை, புத்தகத்தின் பேச்சு.

அக்டோபர் பதினாறு அவன் பிறந்தநாள். அவன் ஊரில் பாதிப் பையன்கள் ஹெட்மாஸ்டர் புண்ணியத்தில் ஜூன் மாதம் பிறந்தவர்கள். இவன் தேதி மட்டும் சுத்தமான தேதி. கயத்தாறில் கட்டபொம்மன் சிலைக்கு மாலை போடுகிற அன்று அம்மாவுக்கு வலி எடுத்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா அதைச் சொல்லியே தேதியை எழுதவைத்தார். அதற்காக வீட்டில் யாரும் பிறந்தநாள் கொண்டாடியது கிடையாது. ஊரில் இருந்தவரைக்கும் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. அங்கே நாள் முழுக்க யாராவது முப்பிடாதி, முப்பிடாதி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இங்கே வந்த பிறகுதான், இன்றைக்கு ஒரு ஆளாவது, ஒரே ஒரு ஆளாவது தன் பேரைச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலேயே அவனுக்கு ஆசை வந்துவிட்டது. யாரும் சொல்லப்போவதில்லை என்பதும் தெரிந்தது. அப்படியானால் தானே சொல்லிக்கொள்வது என்று கம்பெனி பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தான்.

மைக்கைப் பிடித்தான். "ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று ஒன்பதாம் ஆண்டு, இதே நாளில் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தில் இதே நாளில் வங்காளப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. இதே நாளில்..." அடுத்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது என்று சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. வருஷத்தை விழுங்கிவிட்டான். "இதே நாளில் கயத்தாறு பக்கத்தில் முப்பிடாதி பிறந்தார்."

எல்லோரும் ஒரு தடவை கை தட்டினார்கள். அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தன் பேருக்கு ஒரு லைன் முழுக்கக் கை தட்டிவிட்டது, அது போதும் என்று மைக்கை வைக்கப் போனான். கோதண்டம் விடவில்லை.

"யாருப்பா அந்த முப்பிடாதி?"

நான்தான் என்று சொல்வதற்கு ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் லைன் மொத்தமும் அவனையே பார்த்தது.

"கட்டபொம்மன்கூட இருந்தவரா?" என்று கோதண்டமே எடுத்துக் கொடுத்தார்.

"ஆமா சார்."

"இன்னா பண்ணாரு?"

தளபதி, ஒற்றன் என்று ஏதாவது பெரிதாகச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அந்த அளவுக்குப் பேராசை கிடையாது. "குதிரைக்குத் தீனி வச்சாரு சார்" என்றான்.

கோதண்டத்துக்கு இது பிடித்துப்போனது. "பாத்துக்கோங்க. குதிரைக்குத் தீனி வச்சவனுக்கே ஹிஸ்டரில எடம் கீது. நீங்க போல்ட்ட ஒழுங்கா டைட் பண்ண மாட்றீங்க" என்று அன்றைய வசவை இன்னொரு சுற்று நடத்திவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் விஷயம் கேட் வரைக்கும் போய்விட்டது. செக்யூரிட்டி முனிரத்தினம், அந்த முப்பிடாதியைப் பற்றி எங்க ஊர்த் தெருக்கூத்தில் பாட்டே இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். அதில் இரண்டு வரி பாடியும் காட்டினார். முப்பிடாதி நின்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனான்.

கேண்டீனில் இவன் எப்போதும் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேஜையில் உட்காருவான். ஈரமாக இருப்பதால் அங்கே வேறு யாரும் வர மாட்டார்கள். அன்றைக்குத் தட்டோடு தசரதன் வந்து எதிரில் உட்கார்ந்தார். தண்டலத்துக்காரர், பெர்மனென்ட், ஸ்பாஞ்ச் வெட்டும் மெஷினில் வேலை. நாற்பதை நெருங்கியவர். அதிகம் பேசாத மனிதர்.

"கட்டபொம்மன தூக்குல போட்டுட்டாங்க. அப்புறம் அந்த ஆளு இன்னா ஆனாரு?" என்று கேட்டார்.

முப்பிடாதி சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். யோசிக்க ஒன்றுமே இல்லை, எல்லாம் தயாராக உள்ளே இருந்தது. "குதிரையப் பிடிச்சிக்கிட்டு வடக்க வந்துட்டாருண்ணே. தெரியாத ஊரு. பேச்சே வேற மாதிரி இருந்துச்சாம். பேரச் சொன்னா யாருக்கும் வெளங்கல. அதனால பேரச் சொல்லுறதையே விட்டுட்டாரு."

"சோறு தண்ணி?"

"கெடைக்கும். தனியா உக்காந்து தின்பாரு. குதிரைகிட்டத்தான் பேசுவாரு."

தசரதன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "பாவம்பா" என்றார்.

அந்த ஒரு சொல்லில் முப்பிடாதிக்குக் கண் கலங்கிவிட்டது. குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தான். இந்த ஊரில் அவனைப் பாவம் என்று யாரும் சொன்னதில்லை. இப்போதும் அவனைச் சொல்லவில்லை. ஆனாலும் இதமாக இருந்தது.

மறுநாளும் தசரதன் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். முப்பிடாதிக்கு மத்தியானம் எப்போது வரும் என்று இருந்தது. போல்ட் முடுக்குகிற ஏர் கன்னைப் பிடித்தபடியே இன்றைக்கு அந்த மனிதருக்கு என்ன நடக்கலாம் என்று கட்டிக்கொண்டிருப்பான். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது, பார்க்க ஆளில்லை. ஒரு நாள் அவர் ஊருக்குத் திரும்பலாம் என்று புறப்பட்டு, பாதி வழியில், போய் என்ன சொல்வது என்று திரும்பி வந்துவிட்டார். தசரதன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுவார். "குதிரைக்கு வயசாயிடுமே, அப்புறம் இன்னா செய்வாரு?" என்று கவலைப்பட்டார். பிறந்ததிலிருந்து அவன் சொல்வதை யாரும் இவ்வளவு காது கொடுத்துக் கேட்டதில்லை. அவன் சந்தோஷமாக இருந்தான். வெட்கப்பட வேண்டிய சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கோதண்டம் ஓர் அறிவிப்புச் செய்தார். இந்த வருஷம் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் ஸ்வீட் பாக்ஸ் உண்டு. சரோஜா மேடமே வந்து கொடுப்பார். டோக்கன் நம்பர் வேலைக்காகாது, ஏஜென்சி கொடுத்த லிஸ்ட்படி பேரைக் கூப்பிடக் கூப்பிட வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேரைக் கூப்பிட்டால் முப்பிடாதியின் குட்டு உடைந்துவிடும். லைன் சிரிப்பதைப் பற்றி அவனுக்குப் பெரிய கவலை இல்லை. தசரதன் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதுதான் கவலை. அவர் அதை மேடம் வாயால் கேட்கக் கூடாது, தானே சொல்லிவிட வேண்டும் என்று மத்தியானம் தட்டைக்கூட எடுக்காமல் போய் உட்கார்ந்தான். சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அவரும் ஒரு அதட்டு அதட்டிவிட்டுச் சிரித்துவிடுவார்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு, நான் ஒண்ணு சொல்லிக்கிறேன்" என்றார் தசரதன். குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்டாட்டி அவ அம்மா வூட்டுக்குப் போயி ஆறு மாசம் ஆவுது. திரும்பி வர மாதிரி தெரில. லைன்ல ஒருத்தருக்கும் சொல்லல. சொன்னா சிரிப்பானுங்க. நைட்ல தனியா சோத்த போட்டுகினு உக்காந்தா தொண்டைல எறங்கவே எறங்காது. இப்ப பத்து நாளா சாப்புடறேன்னா, உங்க ஊரு அந்த ஆள நெனச்சிப்பேன். அவரும் எங்கியோ தனியா உக்காந்து சாப்பிட்டுகினுதான் கீறாருன்னு ஒரு நெனப்பு. பைத்தியக்காரத்தனம்தான்."

முப்பிடாதி தண்ணீர்த் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"நீ இன்னாவோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லண்ணே. தீவாளிக்கு ஊருக்கு பஸ் கெடைக்குமான்னு கேக்க வந்தேன்."

சரோஜா மேடம் மறுநாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் வந்தார். பாக்ஸ்களை மேஜையில் அடுக்கி, மைக்கில் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். மாரிசெல்வம் போனான், இசக்கிசெல்வி போனாள். பிறகு மேடம் ஒரு பேரில் தடுமாறி, எழுத்துக் கூட்டிப் படித்தார். "கே. முப்பிடாதி."

யாரும் போகவில்லை. மேடம் மறுபடி கூப்பிட்டார். இரண்டாவது தடவையும் போகாமல் இருக்க முடியாது என்பதால் முப்பிடாதி நடந்தான். அவன் மேஜையை அடைவதற்குள் லைனுக்குப் புரிந்துவிட்டது. முதலில் யாரோ ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். "குதிரைய எங்கடா கட்டிப் போட்ட?" என்று ஒரு குரல் வந்தது. கோதண்டம்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோபப்படவில்லை, அதைச் சொல்ல வேண்டும். மேடம் எதுவும் புரியாமல் ஹேப்பி தீபாவளி என்றார்.

தசரதன் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்போ அப்பிடி ஒருத்தரு கெடையாதா?"

"இல்லண்ணே."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏமாற்றினாயே என்று கேட்டிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால் முப்பிடாதிக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

தீபாவளி முடிந்து வந்தபோது 'வரலாற்றில் இன்று' வேறு ஒருவர் கைக்குப் போயிருந்தது. லைனில் ஹிஸ்டரி என்று யாரும் கூப்பிடவில்லை. "முப்பிடாதி, போல்ட் தீந்துடுச்சி பாரு." "முப்பிடாதி, உனக்கு ஓ.டி. போட்டுக்கீறாங்க." கேட்டில் முனிரத்தினம், "வாப்பா முப்பிடாதி" என்று சல்யூட்டே வைத்தார். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்தப் பேர் காதில் விழுந்தது. கேலிதான், ஆனால் விஷமில்லாத கேலி. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. கேண்டீனில் ஈர மேஜையில் அவன் தனியாகச் சாப்பிட்டான். தசரதன் கேட்டு வாங்கி பி ஷிஃப்டுக்கு மாறியிருந்தார்.

பி ஷிஃப்ட் ஆட்கள் வந்து இறங்குகிற பஸ்ஸில்தான் ஏ ஷிஃப்ட் ஆட்கள் திரும்பிப் போக வேண்டும். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்ததும் முப்பிடாதி முண்டியடித்து ஏறாமல் படிக்குப் பக்கத்தில் காத்து நின்றான். தசரதன் இறங்கினார். ஆள் இளைத்திருந்தார்.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"ம்."

"அண்ணே, குதிரை மட்டுந்தான் பொய்யி. மத்ததெல்லாம் நெசம். அது நாந்தாண்ணே."

தசரதன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்த முகத்தைத் தேடுவது மாதிரி பார்த்தார்.

"இருக்கும்பா. நீ சொன்னா இருக்கும்" என்றார். "ஆனா அவர எனக்கு நல்லா தெரியும். உன்னத் தெரியாதே."

"எம் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிடுங்கண்ணே. இப்ப எல்லாருமே கூப்பிடுதாங்க."

தசரதன் வாயைத் திறந்தார். சொல்லத்தான் பார்த்தார், அது முகத்தில் தெரிந்தது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

"வர மாட்டுது. அது அவரு பேரு. பஸ் கெளம்புது பாரு, ஏறு ஹிஸ்டரி."

சொல்லிவிட்டு அவர் கேட்டுக்குள் போனார். முப்பிடாதி பஸ்ஸில் ஏறினான். பின் சீட்டிலிருந்து நாலைந்து பேர் முப்பிடாதி, முப்பிடாதி, இங்க வா என்று இடம் போட்டுக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்க்காமல் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுங்குவார்சத்திரம் வரைக்கும் நின்றுகொண்டே போனான்.