அரை மாத்திரை

பெரியவளுக்கு நெஞ்சு, சின்னவளுக்கு மூச்சு. பெற்றவர்கள் விட்டுப்போன சொத்தை அக்காவும் தங்கையும் சண்டை இல்லாமல் பிரித்துக்கொண்டார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் கேலி செய்வார். இருவரும் சேர்ந்து திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்தார்கள். கடைக்குப் பின்னால் இருந்த அறையும் சமையலறையும்தான் வீடு. பெரியவளுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை, சின்னவளுக்கு நிலைக்கவில்லை. ஒருத்திக்கு ஒருத்திதான் துணை.

பெரியவள் காலையில் இரண்டு மாத்திரை போடுவாள். ஒன்று, உடம்பில் தேங்கும் உப்பையும் நீரையும் வெளியேற்றி ரத்த அழுத்தத்தைக் குறைப்பது. அதைப் போட்டுவிட்டால் பாதித் தையலில் எழுந்து எழுந்து ஓட வேண்டும். சனியன் என்று திட்டிக்கொண்டேதான் விழுங்குவாள். இன்னொன்று நெஞ்சை அடக்குவது. அதன்மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். காரணமே இல்லாமல் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு, அதைப் போட ஆரம்பித்த பிறகுதான் சொன்ன பேச்சைக் கேட்டது.

சின்னவளிடம் வாயில் வைத்து மருந்தை இழுக்கும் பம்புகள் இரண்டு இருந்தன. மூச்சுக்குழாயின் வீக்கத்தை ஆற்றும் பம்பைத் தினமும் இழுக்கச் சொல்லியிருந்தார்கள். இழுத்தால் ஒன்றும் தெரியவில்லையே என்று அதை அலமாரியில் தூங்க விட்டுவிட்டாள். திணறும்போது இழுக்கும் பம்புதான் அவளுக்குத் தெய்வம். இழுத்ததும் மூச்சு திறக்கும். ஆனால் கூடவே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். நடுங்கும் கையை வைத்துக்கொண்டு தையல்காரி என்ன செய்வாள்?

அன்று ஓர் அரங்கத்துக்கான கனத்த வெல்வெட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்கத் துணித்தூசி. சின்னவள் காலையிலிருந்தே பம்பும் கையுமாக இருந்தாள்.

"அக்கா, நெஞ்சு வெளிய வந்து விழுந்துடும் போலிருக்கு. கையைப் பாரு, எப்படி ஆடுது."

"அதுக்கு என் மாத்திரைதான் சரி. அரை போட்டுக்கோ."

"உன் மாத்திரை எனக்கு ஒத்துக்குமா?"

"ஒரே வயித்துல பொறந்தவங்கதானே நாம? எனக்கு ஒத்துக்கறது உனக்கு ஒத்துக்காதா? போடுடி கழுதை."

அவளே மாத்திரையை உடைத்துத் தங்கையின் வாயில் போட்டாள். பாசம் என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் யாருக்கும் டாக்டர் படிப்பு தேவைப்படுவதில்லை. மாத்திரையும் அவள் மானத்தைக் காப்பாற்றியது. மதியத்துக்குள் படபடப்பு அடங்கியது, கை நடுக்கம் நின்றது. சின்னவள் ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோர்த்து, அக்காவிடம் காட்டிச் சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. பம்பை இழுத்தாள், மூச்சு திறக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் இழுத்தாள். பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி நிதானமாக இருந்தது.

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, பயப்படாதே. இப்ப சரியாயிடும்."

முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்திருந்ததில்தான் நேரம் போயிற்று. தங்கையின் உதடு நீலம் பாரித்த பிறகே வெளியே ஓடி வண்டி பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில், "வேற ஏதாவது மருந்து எடுத்தாங்களா?" என்று கேட்டார்கள். "பம்பு மட்டும்தான்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. மூச்சுக்கான மருந்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்தாள். அதே பம்பு மருந்தை முகமூடி வழியாகப் புகையாக விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் சின்னவளின் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"இவ்வளவு மருந்துக்கு நாடி ஓட்டமா ஓடணுமே. ஏன் இப்படி மெதுவா இருக்கு?"

"அதுக்குத்தான் என் நெஞ்சு மாத்திரைல அரை குடுத்தேனே" என்றாள் பெரியவள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டாக்டரம்மா திரும்பி, வேறு ஏதோ மருந்தின் பெயரைச் சொல்லிக் கத்தினார். பெரியவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

கதவு திறந்தபோது டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"எனக்கு நல்லது பண்ற மாத்திரைதானேம்மா அது?"

"உங்களுக்கு நல்லதுதாம்மா. நெஞ்சுல ஒரு பூட்டு இருக்குன்னு வெச்சுக்கங்க. அதுல சாவி திரும்பினா நெஞ்சு வேகமா துடிக்கும். உங்க மாத்திரை அந்தப் பூட்டை அடைச்சிடுது. கிட்டத்தட்ட அதே மாதிரிப் பூட்டு மூச்சுக்குழாய்லயும் இருக்கு. அங்க சாவி திரும்பினாத்தான் குழாய் விரியும். பம்பு மருந்துதான் அந்தச் சாவி. எல்லா நெஞ்சு மாத்திரையும் இப்படி இல்ல. உங்களோடது ரெண்டு இடத்தையும் அடைக்கற வகை."

"நாடி மெதுவா இருந்துச்சேன்னு நான் தைரியமா இருந்தேன்" என்றாள் பெரியவள்.

உள்ளே சின்னவள் வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தாள். பெரியவள் கட்டிலின் விளிம்பில் தலையை மோதிக்கொண்டு ஓவென்று அழுதாள். இவளும் விழுந்துவிடப் போகிறாள் என்று பயந்த நர்ஸ், அவளை இழுத்து உட்கார வைத்துக் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"நாடி சரியாத்தான் இருக்கும்மா" என்றாள் ஆறுதலாக.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பெரியவள் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். கூடப்பிறந்தவள் பிணமாகக் கிடக்கிறாள். அதுவோ காலையில் போட்ட மாத்திரைக்குக் கட்டுப்பட்டு, தன்பாட்டுக்கு நிதானமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"அடிச்சுக்க பாவி நெஞ்சே, அவளுக்காக ஒரு தடவை அடிச்சுக்க" என்று அதைக் குத்தினாள், நர்ஸ் கையைப் பிடித்துத் தடுக்கும்வரை.