லெனாட் அண்ணைக்கு ஒரு வாக்கு

போனமுறை தலைவரை எதிர்த்துக் கதைத்தவரின் கிளையையே கட்சி கலைத்துப்போட்டது. அதனால்தான் இந்தமுறை இரகசிய வாக்கெடுப்பு வேண்டுமென்று லெனாட் ஒற்றைக்காலில் நின்றார். தலைவர் பதவிக்கு எதிர்த்து நின்றவரும் அவர்தான்.

"பயப்பிடாதை தங்கச்சி. ஆர் ஆருக்குப் போட்டதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது," என்று லெனாட், குருநகர்க் கிளைச் செயலாளரான லவீனாவுக்குத் துணிவு சொன்னார். அவளும் துண்டில் பெயரை எழுதி, நாலாய் மடித்துப் போட்டாள்.

மத்திய குழுவில் இருபத்தொரு பேர். பொதுச் செயலாளர் துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லாம் தலைவருக்கே. பதினெட்டாவதில் தடக்கினார்.

"லெனாட் அண்ணை."

மண்டபமே சிரித்தது. மூத்தவரை வெறும் பெயராய் எழுத லவீனாவின் கை பழகவில்லை. அங்கே லெனாட்டுக்கு இளையவள் அவள் ஒருத்திதான். மற்ற எல்லாரும் அவரைத் தம்பி என்பவர்கள்.

மிச்சத் துண்டுகளும் வாசித்து முடிந்தன.

"தலைவருக்கு இருபது, லெனாட்டுக்கு ஒண்டு."

ஒன்றா? அப்ப அண்ணை தனக்கே போடவில்லையா? அவள் திரும்பிப் பார்த்தாள். லெனாட் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை," என்றார் தலைவர், சிரித்தபடி. "தேத்தண்ணி குடிச்சிட்டு நில்லுங்கோ. உங்கடை கிளையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேணும்."