பத்து கிராமுக்குள் ஒரு கோபுரம்

சாரல் ஜன்னல் வழியாக உள்ளே அடித்ததும் சட்டையைக் கழற்றி, மடியிலிருந்த பிளாஸ்டிக் பெட்டியைச் சுற்றிப் போர்த்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"உள்ள என்ன சார், பச்சைக் குழந்தையா? மேல வைங்க" என்றார் கண்டக்டர்.

"ஒரு குலுக்கல் போதும்ணே, நொறுங்கிடும். பால்சான்னு பஞ்சு மாதிரி லேசான மரத்துல கட்டின கோபுரம், போட்டிக்குப் போகுது. ஈரக் காத்து பட்டா எடை கூடிடும். பத்து கிராமைத் தாண்டினா நடுவர்கிட்டயே விடமாட்டாங்க."

"பத்து கிராமா! என் விசிலே அதைவிட கனம்!"

கோபுரத்தின் அடியை மட்டும் ஸ்பான்ஜ் துண்டுகள் பிடித்திருந்தன. மூலைக்கு மூலை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். வீட்டில் எடை 9.8. குச்சிகள் பறக்கக் கூடாதென்று மூன்று மாதம் மின்விசிறியே போடாமல் கட்டினேன். புழுங்குகிறது என்று முணுமுணுக்க வீட்டில் வேறு ஆளில்லை.

போட்டி அரங்கின் வாசலில் தராசுக்காரர் கோபுரத்தை வைத்தார். எண்கள் ஏறி, 9.97-இல் நின்றன.

"மயிரிழையில தப்பிச்சீங்க. உள்ள போங்க."

உள்ளே நடுவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். போட்டியாளர் ஒவ்வொருவரிடமும் நடுவர் மூன்று கேள்வி கேட்டாக வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் படித்த அன்றுதான் நான் முதன்முதலாகப் பால்சா மரமே வாங்கினேன்.

நான்கு வருடங்களாக என் போனை எடுக்காத என் மகள்தான் அந்த நடுவர்.