தொண்ணூற்று மூன்றாம் பக்கம்

வந்த விருந்தாளியைப் பட்டினி போட்ட தமிழன் இந்தப் பூமியில் இதுவரை பிறந்ததில்லை. இனிப் பிறக்கப்போவதும் இல்லை. கடல் கடந்தாலும் கண்டம் கடந்தாலும், பானையில் ஒரு பிடி அரிசி இருக்கும்வரை தமிழன் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். இதற்கு உலகம் முழுவதற்குமாக ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு என்றும், அவர் பெயர் திருச்செல்வம் என்றும், ஜப்பானின் நகோயா நகரத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கிறார் என்றும் ஒரு புத்தகத்தின் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் அச்சாகியிருந்தது.

புத்தகத்தின் பெயர் ‘சகுராவின் நிழலில் ஒரு சங்கத் தமிழன்’. எழுதியவர் லோகன். கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் ஆயுள் காப்புறுதி முகவர். அங்கே திருச்செல்வத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். போன ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நகோயாவில் வந்து இறங்கி, சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போனார். அந்த ஐந்து நாளைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் முப்பது பக்கம் ஃபூஜி மலை. அவர் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்த அன்று மலை இருந்த இடத்தில் மேகம் இருந்தது. அதனால் எழுத்துக்கு ஒன்றும் குறைவு வரவில்லை.

வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு பிரதி தபாலில் வந்தது. ‘உயிர் நண்பனுக்கு’ என்று பச்சை மையில் கையெழுத்து. திருச்செல்வம் பெருமையோடு புரட்டிக்கொண்டே போனார். தொண்ணூற்று மூன்றில் நின்றார்.

‘நான்காம் நாள் நண்பகல். அந்த வீட்டின் குளிர்சாதனப் பெட்டி முனகியது. என் வயிறும் முனகியது. சாப்பிட்டாயா என்று கேட்க அங்கே ஒரு நாதி இல்லை. அந்த ஒற்றைச் சொல்லை என் நண்பன் கடல் கடந்தபோது எங்கோ தவறவிட்டுவிட்டான்.’

அவர் மனைவி விஷ்ணுப்ரியா அதை இரண்டு முறை படித்தார். இரண்டாவது முறை படிக்கும்போது நின்றுகொண்டு படித்தார்.

“அவருக்குப் பச்சை மீன் ஆகாதுன்னு நான் கறிவேப்பிலை வாங்க ஒரு மணி நேரம் ரயில்ல போனேன். போனேனா இல்லையா?”

“போனே.”

“இதைக் கிள்ளான் பூரா படிக்கும். சுபாங் ஜெயால எங்க சித்தி படிப்பாங்க. அவங்க படிச்சா அப்புறம் பேப்பர்ல போட வேண்டியதே இல்லை. நீங்க போங்க. போய் நாலு பேர் முன்னால அது பொய்னு சொல்லிட்டு வாங்க. சொல்லாம இந்த வீட்டுக்கு வராதீங்க.”

திருச்செல்வம் முதலில் லோகனைத் தொலைபேசியில் பிடித்தார்.

“டேய், அந்தப் பக்கத்தை எடுத்துடுடா.”

“மச்சான், ஐந்நூறு காப்பி பிரிண்ட் ஆயிடுச்சு லா. அதோட அது நீ இல்லைடா. அது ஒரு குறியீடு. பசிங்கறது புலம்பெயர்ந்தவனோட வெறுமை.”

“என் பேரு போட்டிருக்கே. மாடி நம்பர் கூடப் போட்டிருக்கே.”

“யதார்த்தம் வேணும்ல மச்சான்.”

அன்றே திருச்செல்வம் ஒரு வார விடுப்பு எழுதிக்கொடுத்தார். ஒன்பது வருடத்தில் அவர் கேட்ட முதல் திடீர் விடுப்பு என்பதால் மேலாளர் வீட்டில் சாவா என்று கவலையோடு விசாரித்தார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார் திருச்செல்வம். விமானத்தில் மற்றவர்கள் படம் பார்க்க, அவர் ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு, திங்கள் இரவிலிருந்து சனி காலைவரை பதினாலு வேளையும் லோகனுக்கு என்ன போட்டோம் என்று ஞாபகத்திலிருந்து எழுதினார். ரசம், அப்பளம் எதையும் விடவில்லை.

விழா பிரிக்பீல்ட்ஸில், ஒரு மாடி மண்டபத்தில், மாலை ஐந்து மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. திருச்செல்வம் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து நாலு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தார். மண்டபத்தில் ஒருவர் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். திருச்செல்வத்தைப் பார்த்ததும் அவர் கையில் பாதி நாற்காலிகளைக் கொடுத்தார்.

ஐந்தே முக்காலுக்கு ஏற்பாட்டுக் குழுத் தலைவர் பழனியப்பன் வந்தார். சட்டைப் பையில் சிவப்பு ரிப்பன், கையில் பேச்சாளர் பட்டியல்; அதன் உச்சியில் டத்தோ என்ற அரசுப் பட்டம் பெற்ற பிரமுகர்.

“அண்ணே, எனக்கு மூணு நிமிஷம் பேச வேணும்.”

“வாழ்த்துரை பதினோரு பேரு தம்பி. சிறப்புரை டத்தோ. ஆய்வுரை நான். இதுல மூணு நிமிஷம் எங்க இருக்கு? நீங்க யாரு?”

“தொண்ணூத்து மூணாம் பக்கம்.”

பழனியப்பன் மரியாதையாகச் சிரித்தார். “அதுல என்ன வருது?”

“நீங்கதானே ஆய்வுரை?”

“ஆமா. ஆய்வுரை செய்றேன். படிச்சேன்னு யார் சொன்னது?” அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். “சகுரான்னா பூதானே?”

“பூதான்.”

“நல்லது. அதை வச்சே இருபது நிமிஷம் ஓட்டிடலாம்.” பிறகு மனம் இரங்கினார். “பேசியே ஆகணும்னா ஒரு வழி இருக்கு தம்பி. பொன்னாடை போர்த்துறவங்களுக்கு ஒரு நிமிஷம் மைக் குடுப்போம். அதை யாரும் தடுக்க முடியாது. நம்ம பண்பாடு.”

திருச்செல்வம் படியிறங்கி எதிர்வரிசைத் துணிக்கடைக்கு ஓடினார். கடைக்கார அம்மா ஒரு கட்டைத் தூக்கி வைத்தார்.

“யாருக்குண்ணே? டத்தோவுக்கா, எழுத்தாளருக்கா?”

“வித்தியாசம் இருக்கா?”

“டத்தோவுக்கு ஜரிகை பெரிசு. எழுத்தாளருக்கு இது போதும். அவங்க வீட்ல அலமாரில ஏற்கனவே நாப்பது இருக்கும்.”

சின்ன ஜரிகையை வாங்கிக்கொண்டு திரும்பினார். டத்தோ ஆறு நாற்பதுக்கு வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அப்போதுதான் மணி ஐந்து ஆனது போல விழா தொடங்கியது. பதினோரு பேர் வாழ்த்தினார்கள். பழனியப்பன் பூவைப் பற்றி ஆய்ந்தார். ஜப்பானின் உள்ளத்தையே லோகன் உரித்துக் காட்டிவிட்டார் என்றார் ஒருவர். அவர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கூட்டத்தில் பாதி கைப்பேசியில் இருந்தது, மீதி பின்வாசலில் இறங்கிக்கொண்டிருந்த மீஹூன் நூடுல்ஸ் பொட்டலங்களை மோப்பம் பிடித்தபடி இருந்தது. திருச்செல்வம் மட்டும் மடித்த தாளைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

பொன்னாடை நேரம் வந்தது. திருச்செல்வம் ஒன்பதாவது ஆள். அவர் மேடை ஏறும்போது எட்டுப் பொன்னாடைகளுக்கு நடுவில் லோகனின் முகம் மட்டும் தெரிந்தது; அது வியர்த்திருந்தது.

“மச்சான்! எப்ப வந்தே? சொல்லவே இல்ல.”

“குறியீடா வந்திருக்கேன்,” என்று சொல்லி ஒன்பதாவதைப் போர்த்தினார்.

“வேணாம்டா. டத்தோ உக்காந்திருக்காரு.”

“ஒரு நிமிஷம்தான்.”

அறிவிப்பாளர் தாமரை புன்னகையோடு மைக்கை நீட்டினார். அது அவர் அன்று செய்த ஒரே தவறு.

திருச்செல்வம் கும்பிட்டுவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். “எல்லாருக்கும் வணக்கம். தொண்ணூத்து மூணாம் பக்கம்.” நிறுத்தி, நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தார். குளிர்சாதனப் பெட்டி முனகியது. வயிறு முனகியது. நாதி இல்லை. மண்டபத்தில் கைப்பேசிகள் இறங்கின. பின்வாசலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

“அந்த நண்பன் நான்தான். நாலாவது மாடி, அதுவும் சரிதான். இப்ப சாப்பாட்டைச் சொல்றேன். திங்கள் ராத்திரி: இட்லி, கோழிக் குழம்பு. செவ்வாய் காலைல: தோசை, ரெண்டு சட்னி…”

“நேரம் கருதி…” என்றார் தாமரை.

“செவ்வாய் மத்தியானம்: சோறு, ஆட்டுக்கறி, ரசம்.”

“பேசட்டும்மா!” என்று கூட்டத்தில் ஒரு குரல். “ரசத்துல நிறுத்தாதீங்க!”

தாமரை மைக்கின் வயரைப் பிடித்தார். திருச்செல்வம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். புதன் முடிந்தது. வியாழன் காலை உப்புமா வந்தது. “உப்புமாவெல்லாம் கணக்கில வராதுண்ணே!” என்று பின்வரிசை ஒன்று கத்த, மண்டபம் சிரித்தது. திருச்செல்வம் சிரிக்கவில்லை. “நாலாம் நாள் மத்தியானம், இதுதான் முக்கியம், எல்லாரும் கேட்டுக்குங்க: சோறு, சாம்பார், கத்திரிக்காய் பொரியல், பொரிச்ச மீன்!” பொரித்த மீனுக்குக் கைதட்டல் விழுந்தது. சனிக்கிழமை காலை பொங்கல்வரை போய்த்தான் மைக்கைத் திருப்பிக்கொடுத்தார். “பதினாலு வேளை. என் மனைவி பேரு விஷ்ணுப்ரியா. நன்றி.”

முன்வரிசையில் டத்தோ பக்கத்து ஆளைக் கேட்டார். “எந்தப் பக்கம்னாரு?”

“தொண்ணூத்து மூணு, டத்தோ.”

டத்தோ புரட்டினார். டத்தோ புரட்டியதால் முன்வரிசை புரட்டியது. முன்வரிசை புரட்டியதால் மண்டபமே புத்தக மேசையை நோக்கி எழுந்தது. அரை மணி நேரத்தில் மேசையில் விரிப்பு மட்டும் மிஞ்சியது. லோகன் ஒன்பது பொன்னாடைகளோடும் வந்து திருச்செல்வத்தைக் கட்டிப்பிடித்தார். அது ஒரு மெத்தை வந்து கட்டிப்பிடித்தது போல இருந்தது.

“மச்சான், இது எனக்கு நாலாவது புத்தகம்டா. முதல் தடவையா ஒரு ஆளு உள்ள என்ன இருக்குன்னு பார்க்கிறான். ரெண்டாம் பதிப்பு போடணும் போல லா.”

“ரெண்டாம் பதிப்புல அந்தப் பக்கம் இருக்கக் கூடாது.”

“என்னடா பேசறே? அதுக்குத்தானே வாங்குறாங்க!” என்றவர், திருச்செல்வத்தின் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். “சரி, சரி. உன் சாப்பாட்டு லிஸ்ட்டையும் பின்னிணைப்பா போட்டுடறேன். நீயே கையெழுத்துப் போட்டுக் குடு.”

அன்று திருச்செல்வம் மைக்கைப் பிடிக்கும்வரை அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்: எழுதியவர், திருச்செல்வம், விஷ்ணுப்ரியா. அச்சுக் கோத்தவர்கூட வரிகளைப் பார்த்தாரே தவிர படிக்கவில்லை. இப்போது மண்டபத்தில் இருந்த நூற்றெண்பது பேரும் படித்திருந்தார்கள். காணொளி வாட்ஸ்அப்பில் பந்திங் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

ஆனாலும் திருச்செல்வம் தோற்றவராக நடக்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது. நாலு பேர் முன்னால் சொல்லச் சொன்னார் விஷ்ணுப்ரியா. இவர் நூற்றெண்பது பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். கையில் ஒரு மீஹூன் பொட்டலத்தோடு, நெஞ்சை நிமிர்த்தி, கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார். பாலத்துக்கு அடியில் போகும்போது விஷ்ணுப்ரியா அழைத்தார்.

“வீடியோ வந்துடுச்சு. சித்திதான் அனுப்பினாங்க.”

“எப்படி இருந்துச்சு?”

“நல்லா பேசினீங்க. என் பேரையும் சொன்னீங்க. ஒண்ணு கேட்கணும். அந்த வியாழக்கிழமை மத்தியானம், சாம்பார், பொரிச்ச மீன்னு வாசிச்சீங்களே. அது யாரு செஞ்சது?”

“நீதான்.”

“நான் அன்னிக்கு ஆறு மணிக்கே ஷிப்டுக்குப் போயிட்டேன். மத்தியானத்துக்கு நீங்க பார்த்துக்கிறேன்னீங்க.”

“நீ செஞ்சு வச்சுட்டுப் போயிருப்பேன்னு நினைச்சு நானும் வேலைக்குப் போயிட்டேன்.”

திருச்செல்வம் பாலத்துக்கு அடியிலேயே தாளைப் பிரித்துப் பார்த்தார்.

நான்காம் நாள் மத்தியானம் லோகனுக்கு யாரும் சோறு வைக்கவில்லை.