ராக்கம்மாவுக்கு அடுத்த வரி

அன்று ரப்பர் எஸ்டேட் ஆபீசில் இருந்தவர்கள்: மேனேஜர், கணக்கெழுதும் பெரிய கிராணி நல்லசாமி, கம்ப்யூட்டர் முன்னால் அர்ச்சுனன், வாளியும் துணியுமாகத் தரை துடைத்துக்கொண்டிருந்த மங்கம்மா. மயிலம்மாளையும் சேர்த்துக்கொள்ளலாம். திரையில் அவள் பெயர் இருந்தது. அவள் செத்து இருபத்தைந்து வருடமாகிறது.

மலேசியாவில் தொண்ணூற்றைந்தாம் வருடம். எஸ்டேட்டில் பாதியை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றாகிவிட்டது. மீதிப் பாதிக்கு இத்தனை ஆள் தேவையில்லை, ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களை மாதாமாதம் பிரித்து அனுப்பு என்று ஹெட் ஆபீஸ் சொல்லியிருந்தது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். முன்பெல்லாம் இதை நல்லசாமி அடிக்கோலும் சிவப்புப் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் இழுப்பார். இப்போது அர்ச்சுனன் இருந்தான். சிரம்பானில் கம்ப்யூட்டர் வகுப்பைப் பாதியில் விட்டவன், சுங்கை காடுட் பாக்டரியில் இரவு ஷிப்ட் பார்த்து உடம்பு கெட்டுத் திரும்பி, தினக்கூலிக்கு ஆபீசில் உட்கார்ந்தவன். அவன் ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதியிருந்தான். பெயர்கள் இருந்த தாளில் அது மேலிருந்து வரி வரியாக இறங்கும். பிறந்த தேதியைப் பார்க்கும். வயது தாண்டியிருந்தால் அந்த வரியைத் தூக்கி அடுத்த தாளில் போட்டுவிடும். காலியான இடத்துக்குக் கீழே இருப்பவர்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொள்வார்கள்.

மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்க அர்ச்சுனன் பொத்தானை அமுக்கினான். பெயர்கள் துள்ளின. சிகரெட் பற்றவைக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்திருந்தது. மேனேஜர் அவன் தோளில் தட்டிவிட்டு ஜீப்பை நோக்கிப் போனார்.

நல்லசாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"என்னடா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலண்ணே."

"ராக்கம்மா போயிருச்சு. அதுக்கு அடுத்து ஒம் பெரியம்மா நிக்கிது. ரெண்டும் ஒரே வருசத்துப் புள்ளைங்கதான்லா."

பெரியம்மா என்று சொல்லும்போது அவர் மங்கம்மாவைப் பார்த்துக்கொண்டார். மங்கம்மா துணியைப் பிழிந்தாள். லயத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் சொல்வதில்லை.

அர்ச்சுனனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு புரிந்தது. ராக்கம்மாவின் வரியைத் தூக்கியதும் அதற்குக் கீழே இருந்த மயிலம்மாள் அந்த இடத்தில் ஏறி நின்றுகொண்டாள். அந்த இடத்தைப் பார்த்து முடித்தாயிற்று என்று நிரல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அவன் எழுதியதில் இருந்த தப்பு, கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் முந்தின நாள் இரவெல்லாம் இந்த ஒரு பெயரை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்துத் தலை வெடித்திருந்தவன் முன்னால் அந்தப் பெயர் தானாகவே தப்பி நின்றது.

"அடுத்த மாசம் மறுபடி அமுக்குனா மாட்டிக்கும்ணே."

"மாட்டாம ஒண்ணு எழுதேன். அந்தப் பேரு வந்தா பாக்காம போன்னு. மெசினு என்ன, மாட்டேன்னா சொல்லப் போவுது? கவர்மெண்டையே ஏமாத்தியாச்சு. இது டப்பா."

கவர்மெண்டை ஏமாற்றியது எழுபதில். குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி அட்டை வைத்திருந்தவர்களுக்குப் பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை என்று ஆனபோது, அர்ச்சுனனின் அப்பா கப்பலேறி ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றிப் பேச்சில்லை. அம்மா தாயம்மாவுக்கும் சிவப்பு. அவளுடைய அக்கா மயிலம்மாளுக்குக் குடியுரிமை உள்ள நீலம். புருஷன் செத்து, பிள்ளை இல்லாமல் தங்கச்சியோடு இருந்தவள். அந்த வருடமே காய்ச்சல் கண்டு வீட்டில் படுத்தபடி செத்துப்போனாள். விடிவதற்குள் கங்காணி வந்து, செத்தது தங்கச்சி என்று எழுதிக்கொடுத்துவிடலாம் என்றார். அக்காள் தங்கச்சி முகம் ஒரே அச்சு. சிவப்பு அட்டைக்காரி செத்தாள், நீல அட்டைக்காரி வேலைக்குப் போனாள்.

செத்தது தாயம்மா என்றால் கொள்ளி வைக்க வேண்டியவன் அர்ச்சுனன். அவனுக்கு ஐந்து வயது. மொட்டையடித்து, ஈரத் துண்டு கட்டி, தீச்சட்டியோடு முன்னால் நடக்கவிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்தபோது அம்மா பெரியம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் மாரில் அடித்து அழுதாள். "தாயம்மா, என்னெ விட்டுப் போயிட்டியே" என்று தன் பெயரையே சொல்லி அழுதாள். அன்று சாயந்திரம் அவன் காதில், இனிமேல் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடு என்றாள். வெளியில் மட்டும்தான் என்றாள். ஒரு வருடத்தில் வீட்டுக்குள்ளும் அதுவே வந்தது. நீ என்பது நீங்க ஆயிற்று. நாக்கு பழகிவிட்டால் திருப்ப முடியாது.

வேலை முடிந்து அவன் வீட்டுக்குப் போனபோது அவள் அடுப்படியில் குந்தி, மறுநாள் பால்வெட்டுக்கு உளியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். பயப்பட வேண்டாம், இன்னும் ஒரு வரி எழுதினால் என்றைக்கும் தொல்லை இல்லை என்றான். அவள் தீட்டுவதை நிறுத்தினாள்.

"ராக்கம்மா போனதும் அந்த எடத்துல நான் ஏறிக்கிட்டேனா?"

"நீங்க இல்ல. பேரு."

"பேரு யாருது?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"முன்னல்லாம் காலைல பெரட்டுல ஆள எண்ணறப்ப மண்டோரு மனப்பாடமா பேரு கூப்பிடுவாரு" என்றாள். "இப்ப நீ அடிச்சுக் குடுக்குற தாளப் பாத்துக் கூப்பிடுறாரு. அப்பருந்து, நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அவ சொல்லிர்றா."

"யாரு?"

"ஆமான்னு சொல்லிர்றா. எனக்கு எடது பக்கத்துல நின்னு."

"காத டாக்டர்ட்ட காட்டணும் நீங்க."

"நான் சொல்றதுக்கு முன்னாடி மண்டோரு டிக் போட்டுர்றாருடா. அவருக்குமா காது கெட்டுப்போச்சு?"

அடுப்பில் கட்டை சரிந்தது. அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"அவளுக்குன்னு நாம ஒண்ணுமே செய்யல. எம் பேரச் சொல்லித்தான் அழுதோம். கருமாதியும் எனக்குத்தான் செஞ்ச. தான் செத்தது அவளுக்குத் தெரியாது. இன்னமும் வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கா. வயசாயிருச்சுல்ல, விட்டுரு அவள."

"வீட்ட காலி பண்ணச் சொல்வாங்க. எங்க போவீங்க?"

"தம்பின் டவுன் பக்கம் ரூம் பாரு. பாத்திரம் கழுவற வேலைக்குப் பேரு எதுக்குலா?"

"நான் மறுபடி நைட் ஷிப்ட்டுக்குத்தான் போகணும்."

"போ" என்றாள். உளியைத் தண்ணீரில் நனைத்து மறுபடி தீட்ட ஆரம்பித்தாள்.

காலையில் அர்ச்சுனன், முந்தின நாள் அமுக்குவதற்கு முன்னிருந்த பெயர்த் தாளின் பிரதியைத் திறந்துவைத்துவிட்டு நிரலைத் திருத்தினான். பெரிய வேலை இல்லை. மேலிருந்து இறங்குவதற்குப் பதில் கீழிருந்து ஏறச் சொன்னான். கீழிருந்து ஏறினால் ஒருத்தி போன இடத்தில் இன்னொருத்தி ஒளிந்துகொள்ள முடியாது. அமுக்கினான். மயிலம்மாள் போனாள். அவளுக்குப் பின்னால் ராக்கம்மா போனாள். நல்லசாமி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒனக்குப் பைத்தியமாடா?"

"அவங்கதான் சொன்னாங்க."

"எவங்க?"

அவன் வாயில் பெரியம்மா என்று வந்தது. முழுங்கினான். வேறு எந்த வார்த்தையும் அந்த இடத்துக்கு வரவில்லை. தாயம்மா திரும்பி வரப்போவதில்லை. அவள் செத்ததற்குச் சான்றிதழ் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. இப்போது மயிலம்மாளும் போயாகிவிட்டது. வீட்டில் உளி தீட்டுகிறவளுக்கு இனி எந்தத் தாளிலும் வரி இல்லை. நல்லசாமி தாளை வாங்கி, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த மாதக் கடைசி வரைக்கும் அவள் வேலைக்குப் போனாள். பெரட்டில் என்ன கேட்டது என்று அவன் விசாரிக்கவில்லை.

புது மாதம் பிறந்தது; வீட்டைக் காலி செய்ய இன்னும் சில நாள் தவணை இருந்தது. அன்றும் அவள் இருட்டிலேயே எழுந்தாள். அவன் பாயில் கிடந்தபடி பார்த்தான். கோப்பி கலக்கித் தூக்குச்சட்டியில் ஊற்றினாள். தலைத்துண்டை உதறி மடித்தாள். தீட்டிய உளியை எடுத்தாள். எல்லாவற்றையும் வாசற்படியில் வரிசையாக வைத்துவிட்டு, கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். ரப்பர் பாலின் புளித்த வாடை உள்ளே வந்தது. களத்தில் பெரட்டு மணி அடித்தது.

"நேரமாச்சுக்கா" என்றாள்.

மணி ஓய்ந்தது. படிக்குக் குறுக்கே படுத்திருந்த லயத்து நாய் எழுந்தது. வாலைக் கால்களுக்கு இடையில் செருகிக்கொண்டு ஒரு பக்கமாக நகர்ந்து வழி விட்டது. பிறகு களத்துக்குப் போகும் பாதையை, ஒரே சீராகத் தலையைத் திருப்பி, வெகுநேரம் பார்த்தது.

அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். வீட்டில் ஆள் இருக்கும்போது ஒருநாளும் போடாத பூட்டை எடுத்து, உள்பக்கம் மாட்டி, அழுத்திப் பூட்டினாள்.